கிறிஸ்துமஸ் நெருங்கும்போது வரும் சொதப்பல்களுக்குக் கைவைத்தியம்

டிசம்பர் முதல் வாரத்தில், எவ்வளவு வேலை இருந்தாலும் சரி, ஒரு கால் மணி நேரம் ஒதுக்கி அலங்காரப் பெட்டியைக் கீழே இறக்கிவிடுங்கள். மரத்தை நிறுத்த வேண்டாம், எதையும் தொங்கவிட வேண்டாம். சீரியல் லைட் எரிகிறதா, மர ஸ்டாண்டின் திருகாணிகள் எல்லாம் இருக்கின்றனவா, செலோடேப் மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடலாம். நான் பல வருடம் இதைச் செய்யாமல் 23ஆம் தேதி ராத்திரிதான் பெட்டியையே திறப்பேன். ஒரு வருடம் அப்படித்தான், மணி பத்தரை இருக்கும், மரம் முழுக்க லைட்டைச் சுற்றி முடித்து, பிள்ளைகளைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்து சுவிட்சைப் போட்டால், மேல் பாதி எரிகிறது, கீழ் பாதி இருட்டாக இருக்கிறது. கடையெல்லாம் அடைத்தாகிவிட்டது. சின்னவள், "அப்பா, மேல மட்டும்தான் கிறிஸ்துமஸா?" என்று கேட்டாள். அன்றைக்கு ராத்திரிதான் இந்த லைட் எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து தேடிப் படித்தேன்.

இந்த நாட்களில் வரும் தொல்லைகளில் முக்கால்வாசி இந்த மாதிரிதான். தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. எல்லாரும் களைத்துப் போயிருக்கும் நேரத்தில், கடை மூடிய பிறகு வந்து நிற்பதால்தான் அது வீட்டுக்குள் சண்டையாகிறது. இரண்டு வாரம் முன்னால் கண்ணில் பட்டிருந்தால் சாதாரண வேலையாக முடிந்திருக்கும். ஆனாலும் கடைசி ராத்திரியில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் சேர்த்தேதான் எழுதுகிறேன், நானே அந்த இடத்தில் நின்றிருக்கிறேன்.

பாதி எரியும் லைட்

குட்டி பல்புகள் உள்ள சீரியல் லைட்டில் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். பிளக்கில் வரும் வோல்டேஜை ஒரு தொடரில் உள்ள எல்லா பல்பும் பங்கு போட்டுக்கொள்கின்றன, அதனால்தான் அவ்வளவு சின்ன பல்பு வெடிக்காமல் எரிகிறது. நீளமான லைட் என்றால் ஒரே ஒயருக்குள் இரண்டு மூன்று தொடர்கள் இருக்கும். பாதி மட்டும் அணைந்திருந்தால் ஒரு தொடரில்தான் கோளாறு, மீதி நன்றாகத்தான் இருக்கிறது என்று அர்த்தம். தூக்கிப் போட வேண்டியதில்லை.

ஒரு பல்பு ஃபியூஸ் போனால் மொத்தமும் அணைய வேண்டும் அல்லவா? பழைய காலத்தில் அப்படித்தான் இருந்தது. இப்போது பல குட்டி பல்புகளுக்குள், எரியும் இழைக்குக் கீழே இரண்டு கம்பிகளுக்கும் குறுக்கே ஒரு மெல்லிய கம்பியைச் சுற்றி வைத்திருப்பார்கள். இழை அறுந்ததும் அந்தக் கம்பியின் மேல்பூச்சு எரிந்துபோய், மின்சாரம் அதன் வழியாகத் தாண்டிப் போய்விடும். அந்த ஒரு பல்பு மட்டும் அணையும், மற்றவை எரியும். ஆனால் பல்பே குழியை விட்டுக் கொஞ்சம் வெளியே வந்து கம்பி தொடாமல் நின்றால் இந்த ஏற்பாட்டால் எந்தப் பயனும் இல்லை, அந்தத் தொடர் முழுக்க இருட்டாகிவிடும். பெட்டியில் போட்டு அமுக்கி, அடுத்த வருடம் இழுத்து எடுக்கும்போது நடப்பது பெரும்பாலும் இதுதான்.

அதனால் முதல் வேலை, பிளக்கைக் கழற்றிவிட்டு, அணைந்த பகுதியில் ஒவ்வொரு பல்பாகப் பிடித்து உள்ளே அழுத்துவது. பிளக்கைக் கழற்றுங்கள் என்று இரண்டாவது முறையும் சொல்கிறேன், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. அழுத்திய பிறகும் எரியவில்லை என்றால் பல்பை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பாருங்கள். பல்பின் அடியில் இரண்டு பக்கமும் தலைமுடி அளவு மெல்லிய கம்பி மேல்நோக்கி மடிந்திருக்கும். எங்கள் வீட்டு லைட்டில் பதினேழாவது பல்பில் அந்தக் கம்பி ஒரு பக்கம் கீழே சுருண்டு கிடந்தது. நகத்தால் நிமிர்த்தி மடித்துச் சொருகினேன், கீழ் பாதியும் எரிந்தது. மணி அப்போது பன்னிரண்டு, சின்னவள் சோபாவிலேயே தூங்கிப்போயிருந்தாள்.

கண்ணாடி கறுத்துப்போன பல்பு இருந்தால் அதை மாற்றிவிடுங்கள், லைட்டோடு ஒரு குட்டிப் பையில் உபரி பல்பு தந்திருப்பார்கள், அதைப் பெட்டி அட்டையோடு குப்பையில் போட்டுவிடுவதுதான் நம் வழக்கம். செத்த பல்பை அப்படியே விட்டுவைப்பதும் நல்லதல்ல. ஒன்று போனால் அதன் பங்கு வோல்டேஜ் மற்றவற்றின் தலையில் விழும், அவை கொஞ்சம் கூடுதலாகச் சூடாகி, சீக்கிரம் போகும், அப்புறம் வரிசையாகப் போக ஆரம்பிக்கும். முழு லைட்டுமே எரியவில்லை என்றால் பிளக்கைப் பாருங்கள், சில பிளக்குகளில் சின்ன மூடிக்குள் ஃபியூஸ் இருக்கும். ஒயரின் உறை உரிந்து செம்பு தெரிகிறது என்றால் மட்டும் எந்த வைத்தியமும் வேண்டாம், டேப் சுற்றியும் பயன்படுத்த வேண்டாம், அதைக் கழித்துவிடுங்கள். பக்கத்தில் காய்ந்த மரம், காகிதம், துணி எல்லாம் இருக்கிறது.

சிக்கு

பெட்டியில் ஒழுங்காக வைத்த ஒயர் தானாகச் சிக்காகுமா என்று கேட்டால், ஆகும். 2007இல் அமெரிக்காவில் இரண்டு இயற்பியலாளர்கள் ஒரு பெட்டிக்குள் கயிற்றைப் போட்டு உருட்டி, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தடவை சோதித்துப் பார்த்தார்கள். சில நொடிகளிலேயே முடிச்சு விழுந்தது. அரை மீட்டருக்கும் குறைந்த துண்டுகளில் முடிச்சு அநேகமாக விழவில்லை, ஒரு அளவு வரை நீளம் கூடக் கூட முடிச்சும் கூடியது. ஆக, போன வருடம் யார் பெட்டியை மூடினார்கள் என்று வீட்டில் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. நீளமான ஒயர், அசைய இடம், இந்த இரண்டும் இருந்தால் போதும்.

அவிழ்க்கும்போது இழுக்காதீர்கள். இழுத்தால் முடிச்சு இறுகும், பல்பும் பிடுங்கிக்கொண்டு வரும், அப்புறம் மேலே சொன்ன வேலை முழுவதையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். தரையில் ஒரு வெளிர்நிறத் துணியை விரித்து, அதன்மேல் மொத்தத்தையும் போட்டு, வலையைப் பிரிப்பதுபோல நாலாபக்கமும் தளர்த்துங்கள். பிளக் இல்லாத முனையைக் கண்டுபிடித்து, அதை மட்டும் வளையங்களுக்குள் விட்டு விட்டு எடுங்கள். அவிழ்ந்த பகுதியை உடனே ஒரு அட்டையில் சுற்றிக்கொண்டே வந்தால் அது திரும்பப் போய்ச் சிக்கிக்கொள்ளாது. இப்படிச் சுற்றினால் கடைசியில் பிளக் வெளியே நிற்கும், அடுத்த வருடம் அட்டையோடு அப்படியே சொருகி எரிகிறதா என்று பார்த்துவிடலாம். அட்டையின் இரண்டு ஓரத்திலும் கத்தரிக்கோலால் ஒரு வெட்டு வெட்டி, ஒயரை அதில் மாட்டிவிட்டால் நழுவாது.

பேட்டரி

பேட்டரியில் எரியும் லைட் வைத்திருப்பவர்கள் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். போன வருடம் பேட்டரியை எடுக்காமல் வைத்திருந்தால் உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்ததுபோல ஒரு பொருக்கு இருக்கும். அல்கலைன் பேட்டரிக்குள் இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து, காற்றோடு சேர்ந்து படிந்தது அது. தோலில் பட்டால் எரியும், அதனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஊதாதீர்கள், கண்ணைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியை எடுத்துவிட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியை வினிகரில் தொட்டு அந்தப் பொருக்கின்மேல் வையுங்கள், லேசாக நுரைத்து இளகும். துடைத்து, ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அந்த உலோகத் தகட்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் பெரும்பாலும் மறுபடி எரியும். பழையதும் புதியதுமாகப் பேட்டரி கலந்து போடாதீர்கள், பழையதுதான் முதலில் கசியும்.

பிள்ளைகளுக்கு வாங்கிய பொம்மைக்கு என்ன பேட்டரி, எத்தனை என்று பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், வாங்கிய அன்றே படித்துவிடுங்கள். அநேகமான பொம்மைகளில் மூடி திருகாணியால் பூட்டியிருக்கும், குட்டி ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் திறக்க முடியாது. கத்தி முனையால் முயன்றால் திருகாணியின் தலை தேய்ந்துபோகும், கையிலும் வெட்டும்.

பட்டன் பேட்டரியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். பாடும் வாழ்த்து அட்டை, குட்டி மெழுகுவர்த்தி விளக்கு, ரிமோட் என்று இந்தச் சமயத்தில் வீடு முழுக்க அது கிடக்கும். குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோய் "பட்டன் பேட்டரி விழுங்கியிருக்கலாம்" என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். மாற்றிய பழைய பேட்டரியையும் டேபிள்மேல் வைக்காதீர்கள், தீர்ந்துபோன பேட்டரியிலும் அந்த ஆபத்து மிச்சம் இருக்கிறது.

பார்சல் கட்டும் ராத்திரி

செலோடேப்பின் முனை காணாமல் போவது. விரல்நுனியை அழுத்தாமல் வைத்து, ரோலை மெதுவாகச் சுற்றுங்கள், நகம் ஒரு இடத்தில் தட்டும். தட்டவில்லை என்றால் எதிர்த்திசையில் சுற்றுங்கள். முனை கிடைத்தும் நாராகக் கிழிந்து வந்தால், ஹேர் டிரையரை ஒரு பத்து நொடி காட்டுங்கள், பசை இளகி முழு அகலத்தில் வரும். அப்புறம் ஒவ்வொரு தடவையும் வெட்டியவுடன் முனையில் ஒரு பல்குத்தும் குச்சியை ஒட்டிவிட்டால் இந்தத் தேடல் முடிந்தது.

விலைச் சீட்டையும் அதே ஹேர் டிரையரால் அரை நிமிடம் சூடாக்கி ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரிக்கலாம். பிசுபிசுப்பு மிச்சம் இருந்தால் சமையல் எண்ணெய் இரண்டு துளி தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டு, சோப்புத் துணியால் துடைத்தால் போய்விடும். கண்ணாடி, பிளாஸ்டிக், உலோகம் என்றால் மட்டும். புத்தக அட்டையில் எண்ணெய் வைத்தால் கறை நிரந்தரமாகத் தங்கிவிடும், அங்கே சூடு மட்டும்தான்.

கிஃப்ட் பேப்பர் ஒரு பக்கம் இரண்டு விரல் அளவு போதாமல் போகிறதா? பெட்டியைத் திருப்பி, காகிதத்தின் மூலைகள் பெட்டியின் பக்கங்களைப் பார்க்கும்படி கோணலாக வையுங்கள். மேல்பக்கம் சதுரமாக உள்ள பெட்டிக்கு இது அருமையாக வேலை செய்யும். எவ்வளவு காகிதம் வேண்டும் என்று கணக்கும் இருக்கிறது, மேல்பக்கத்தின் மூலைவிட்டத்தோடு உயரத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டினால், சதுரக் காகிதத்தின் ஒரு பக்க அளவு வந்துவிடும். 20 சென்டிமீட்டர் சதுரம், 10 சென்டிமீட்டர் உயரம் உள்ள பெட்டி என்றால் மூலைவிட்டம் சுமார் 28, அதோடு 15, ஆக 43, தாராளமாக 44 சென்டிமீட்டர். நேராகச் சுற்றினால் அதே பெட்டிக்கு 60 சென்டிமீட்டருக்கும் மேல் நீளம் வேண்டும். நாலு மூலையையும் மேலே நடுவில் கொண்டுவந்து சேர்த்தால் ஒரே ஒரு டேப் துண்டு போதும். பந்து மாதிரி, பொம்மை மாதிரி வடிவமில்லாத பொருளைக் காகிதத்தில் கட்ட முயல வேண்டாம், ஏதாவது ஒரு காலி அட்டைப் பெட்டிக்குள் போட்டுக் கட்டிவிடுங்கள்.

கட்டியதும் பெயர் எழுதுங்கள். அப்புறம் எழுதலாம் என்று விட்டால் நாலு பார்சலும் ஒரே மாதிரி இருக்கும், எது அத்தைக்கு, எது மாமாவுக்கு என்று பிரித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். பெயர் தெரிந்தால் பிள்ளைகள் ஆட்டிப் பார்ப்பார்கள் என்று நினைத்தால், அடியில் ஓர் எண் மட்டும் எழுதி, பட்டியலை போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஒளித்து வைத்த இடத்தையும் அதே பட்டியலில் எழுதுங்கள். நான் அலமாரிக்குப் பின்னால் ஒளித்த ஒரு பொருள் அடுத்த ஜூலையில்தான் கிடைத்தது.

ரகசியம் உடைவது இப்போது பெரும்பாலும் போன் வழியாகத்தான். குடும்பம் முழுக்க ஒரே கணக்கில் ஆர்டர் போட்டால், "உங்கள் பொருள் கிளம்பிவிட்டது" என்ற அறிவிப்பு, படத்தோடு, யாருக்கு வாங்கினீர்களோ அவர் கையில் இருக்கும் டேப்லெட்டில் வந்து நிற்கும். டிசம்பரில் மட்டும் அந்த அறிவிப்புகளை நிறுத்தி வையுங்கள். தேடிப் பார்த்த பொருளே விளம்பரமாகவும் வரும், அதனால் தேடலைத் தனி உலாவல் சாளரத்தில் செய்வது நல்லது.

வராத டெலிவரி

"டெலிவரி முடிந்தது" என்று செய்தி வந்து, வாசலில் ஒன்றும் இல்லை என்றால், கோபப்படுவதற்கு முன் அவர்கள் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். எங்களுக்கு வந்த போட்டோவில் நீலக் கதவு இருந்தது, எங்கள் கதவு பழுப்பு. போனை எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தேன், மூன்றாவது வீட்டில் நீலக் கதவு, பார்சலும் அங்கேயே இருந்தது, வீட்டில் ஆள் இல்லாததால் யாரும் எடுக்கவில்லை. அக்கம்பக்கத்தில் இல்லை என்றால் அன்றைக்கே புகார் பதிந்து, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், நாள் கடந்தால் பேச்சுக்கு வலு குறையும்.

இன்னொன்று, "முகவரி தவறு, பார்சல் நிற்கிறது, சின்னத் தொகை கட்டுங்கள்" என்று இணைப்போடு வரும் குறுஞ்செய்தி. எல்லாரும் எதையாவது எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் மாதம் இது, அதனால்தான் இப்போது அனுப்புகிறார்கள். அந்த இணைப்பைத் தொட வேண்டாம். எங்கே ஆர்டர் போட்டீர்களோ அந்தச் செயலியை நீங்களே திறந்து பாருங்கள், உண்மையாக ஏதாவது சிக்கல் இருந்தால் அங்கேயே காட்டும். ஓ.டி.பி.யை யார் கேட்டாலும் போனில் சொல்லாதீர்கள், வயதான பெற்றோருக்கும் இதை ஒரு தடவை போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

சாயும் மரம், உடையும் உருண்டை

கனமான அலங்காரங்களைக் கிளை நுனியில் மாட்டாமல் தண்டுக்குப் பக்கத்தில், கீழ்ப்பகுதியில் மாட்டினாலே மரம் பாதி நிலைத்துவிடும். தவழும் குழந்தையோ பூனையோ இருந்தால், தூண்டில் நரம்பு ஒன்றை மரத்தின் மேல்பகுதியில் கட்டி, சுவரில் உள்ள ஆணியிலோ ஜன்னல் கம்பியிலோ இழுத்துக் கட்டிவிடுங்கள், கண்ணுக்கே தெரியாது. பூனை இருக்கும் வீட்டில் மின்னும் ஜிகினா இழை தோரணமே வேண்டாம் என்பேன். விளையாட்டாக விழுங்கிவிடும், குடலில் போய் மாட்டி உயிருக்கே ஆபத்தாகும். இழை வாயிலோ பின்பக்கமோ தொங்கினால் இழுக்காதீர்கள், அப்படியே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

வெட்டிய நிஜ மரம் வாங்குபவர்கள் அடித்தண்டில் ஓரிரு சென்டிமீட்டரை அறுத்துவிட்டு உடனே தண்ணீரில் நிறுத்துங்கள். வெட்டுவாய் காய்ந்தால் பிசின் அடைத்துக்கொண்டு மரம் தண்ணீரே குடிக்காது, ஊசி இலை எல்லாம் கொட்டும், காய்ந்த மரம் தீயையும் சீக்கிரம் பிடிக்கும். முதல் சில நாட்கள் நிறையக் குடிக்கும், காலையும் மாலையும் பாருங்கள். கையில் ஒட்டிய பிசினுக்குச் சமையல் எண்ணெய் தேய்த்து, அப்புறம் சோப்பு.

கண்ணாடி உருண்டை உடைந்தால் பெரிய துண்டுகளை எடுத்த பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத சில்லெல்லாம் மின்னும். ஈரமான தடித்த காகிதத்தால் ஒற்றி எடுத்துவிடலாம். கொட்டிய ஜிகினாப் பொடியையும் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், பறந்து வீடு முழுக்கப் பரவும், டேப்பை விரலில் தலைகீழாகச் சுற்றி ஒற்றுங்கள்.

மேஜைத்துணியில் மெழுகு சிந்தினால் சூடாக இருக்கும்போது தொடாதீர்கள். ஐஸ் கட்டியைப் பையில் போட்டு வைத்து, இறுகியதும் கரண்டியால் சுரண்டி, மீதிக்கு மேலும் கீழும் வெள்ளைக் காகிதம் வைத்து, குறைந்த சூட்டில் நீராவி இல்லாமல் இஸ்திரி போடுங்கள். காகிதம் மெழுகைக் குடிக்கும், நனைந்த இடத்தை மாற்றி மாற்றி வையுங்கள்.

உடைந்த பொம்மையை சூப்பர் குளூ போட்டு ஒட்டப்போய் விரல் இரண்டும் ஒட்டிக்கொண்டால் பிய்க்கக் கூடாது, தோல் கிழியும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு, பென்சிலை உருட்டுவதுபோல விரல்களை உருட்டுங்கள், அசிட்டோன் உள்ள நகப்பூச்சு நீக்கி இருந்தால் இன்னும் சுலபம். பசையைத் துடைக்கப் பஞ்சை மட்டும் எடுக்காதீர்கள், பருத்தியோடு சேர்ந்தால் அந்தப் பசை தோலைச் சுடும் அளவுக்குச் சூடாகும்.

பண்டிகை முடிந்து எல்லாவற்றையும் கட்டி வைக்கும்போது பேட்டரிகளைக் கழற்றி, உபரி பல்பு பையை லைட் அட்டையிலேயே டேப் போட்டு ஒட்டி, அட்டையின்மேல் பேனாவால் எழுதி வையுங்கள்: எத்தனை மீட்டர், எத்தனை பல்பு, எதை மாற்றியது. எங்கள் அட்டையில் "17ஆவது பல்பு, கம்பி தளர்வு" என்று இன்னும் இருக்கிறது.